பேட்டியை விடுங்கள், உத்தரவைப் படியுங்கள்

2025 நவம்பர் 28 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை, கைப்பேசி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவை அனுப்பியது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புதிய போனிலும் ‘சஞ்சார் சாத்தி’ என்ற அரசு ஆப் முன்பே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். வாங்கியவர் போனை முதல்முறை இயக்கும்போதே அது கண்ணில் பட வேண்டும். அதன் வேலைகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ வழி இருக்கக் கூடாது. 90 நாளில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே தயாராகிக் கடைக்குப் போய்விட்ட போன்களுக்கும் மென்பொருள் அப்டேட் மூலம் அனுப்பப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 1 அன்று செய்தி வெளியானது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. மறுநாள் அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, வேண்டாம் என்பவர்கள் ஆப்பை நீக்கிக்கொள்ளலாம், கட்டாயம் ஒன்றும் இல்லை என்றார். அதற்கும் மறுநாள், டிசம்பர் 3 அன்று, முன்பே ஏற்றும் கட்டாயம் வாபஸ் ஆனது. மக்கள் தாங்களாகவே ஆர்வத்தோடு பதிவிறக்குவதால் கட்டாயம் தேவையில்லாமல் போயிற்று என்பது அரசு சொன்ன காரணம். அப்போது 1.4 கோடிப் பேர் பதிவிறக்கியிருந்ததாகவும் சொன்னது.

டிசம்பர் 2-ஆம் தேதியை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அன்று உத்தரவு அப்படியே உயிரோடு இருந்தது. முடக்க வழி இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். போன் நிறுவனம் எதற்குக் கட்டுப்படும்? எழுத்துக்குத்தான். பேட்டிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொழில்நுட்பச் செய்திகளைப் படிக்கும்போது இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்திருந்தாலே பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம். அரசும் சரி, பெருநிறுவனமும் சரி, என்ன சொன்னது என்பதைவிட எதை எழுதிக் கையெழுத்திட்டது என்பதையே பார்க்க வேண்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த ஆப்பில் பயன் உண்டு. தொலைந்த போனை முடக்கலாம். நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். இந்த இரண்டையும் சஞ்சார் சாத்தி இணையதளத்திலேயே செய்யலாம், போனில் எதையும் ஏற்றாமல். இணையதளத்தில் நாம் வேண்டும்போது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆப் அப்படியல்ல, போனுக்குள்ளேயே இருக்கும், நாளைய அப்டேட்டில் அதன் வேலை மாறலாம். எதிர்த்தவர்கள் கேட்டதும் இதைத்தான்.

மறுப்பு அறிக்கை என்னும் இலக்கிய வகை

2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம்; கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்; உரிமம் இல்லாத ஹோட்டல்களும் சினிமா அரங்குகளும் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்பது சாரம். எல்லாமே உருப்படியான யோசனைகள். இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று மின்னணு அமைச்சகம் விளக்கியது. மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கும் வசதி ஆணையத்தின் தளத்தில் முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்று சொன்ன தாள்தான் இல்லை.

2023 ஜூன் 12 அன்று, கொரோனா தடுப்பூசிக்காக கோவின் தளத்தில் பதிந்தவர்களின் விவரங்களை ஒரு டெலிகிராம் பாட் அள்ளிக் கொடுப்பதாகச் செய்தி வந்தது. போன் எண்ணைத் தட்டினால் பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை எண், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்தன. செய்தி ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்று சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அதே மாதத்திலேயே டெல்லி போலீஸ் இது தொடர்பாக பீகாரில் ஒருவரைக் கைது செய்தது. ஆதாரமே இல்லாத விஷயத்துக்கு ஆளைக் கைது செய்ய மாட்டார்கள் அல்லவா?

நிறுவனங்களின் அறிக்கைகள் இன்னும் நயமானவை. அவை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. கேட்காத கேள்விக்கு உண்மையான பதில் சொல்கின்றன. “உங்கள் தரவை நாங்கள் விற்பதில்லை” என்பது அதில் முதலிடம். உண்மைதான். தரவைத் தூக்கி விற்றுவிட்டால் அடுத்த மாதம் விற்க என்ன மிஞ்சும்? விளம்பரதாரருக்கு விற்பது, உங்களைப் போன்றவரைக் குறிபார்த்து அணுகும் வாய்ப்பை. “உங்கள் செய்திகளை எங்களாலும் படிக்க முடியாது” என்று வாட்ஸ்அப் சொல்வதும் உண்மைதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அது பூட்டப்பட்டே போகிறது. ஆனால் யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை முறை பேசினீர்கள், எந்தப் போனிலிருந்து என்பவை அந்தப் பூட்டுக்கு வெளியே இருப்பவை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள் இல்லையேல் கிளம்பு என்ற தொனியில் நோட்டீஸ் காட்டியதே, அது தாய் நிறுவனமான மெட்டாவோடு இத்தகைய விவரங்களைப் பகிர்வது பற்றியது. இதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. விளம்பரத்துக்காகத் தரவு பகிர ஆணையம் விதித்திருந்த ஐந்தாண்டுத் தடையை மட்டும் நீக்கிவிட்டது.

கூகுளின் கதை இன்னும் தெளிவானது. ‘லொகேஷன் ஹிஸ்டரி’ என்ற பொத்தானை அணைத்தால் நாம் போகும் இடம் பதிவாகாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். அணைத்த பிறகும் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்ற வேறொரு பொத்தான் வழியாக இடம் பதிவாகிக்கொண்டே இருப்பதை 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டுவந்தது. 40 அமெரிக்க மாநிலங்கள் விசாரித்து, 2022 நவம்பரில் கூகுள் 39.15 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. இந்தியப் பயனர்களும் அதே பொத்தான்களைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார்கள். நமக்குக் கிடைத்தது ஒரு திருத்திய உதவிப் பக்கம்.

ஃபேஸ்புக் விஷயத்தில் ஒரே ஒரு கணக்கு போதும். ஒரு கேள்வி-பதில் ஆப் வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்களைத் திரட்டிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், அந்த ஆப்பை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். அவர்களின் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் விவரம் கசிந்திருக்கக்கூடியவர்கள் சுமார் 5.62 லட்சம் பேர். இது ஃபேஸ்புக்கே 2018-இல் சொன்ன எண்ணிக்கை. ‘எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, எதுவேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று அனுமதி கொடுப்பவர், தன் போனில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே அனுமதி கொடுத்துவிடுகிறார்.

பயம் யாருக்கு லாபம்?

சந்தேகம் வேண்டும் என்று சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் மூன்று நீல டிக் வந்தால் அரசு படித்துவிட்டது என்று அர்த்தம், நாளை முதல் எல்லா அழைப்பும் பதிவாகும் என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. சுத்தப் பொய். போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்டுத்தான் விளம்பரம் காட்டுகிறது என்பதும் இதுவரை நிரூபிக்கப்படாத நம்பிக்கை. தேடியது, வாங்கியது, போன இடம், பக்கத்தில் இருந்த போன் இவற்றை வைத்தே நிறுவனங்கள் அந்த ஊகத்துக்கு வந்துவிட முடிகிறது. காதை நீட்ட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

இந்த மிகைப் பயம் வெறும் வேடிக்கையாக முடிந்தால் பரவாயில்லை. ‘டிஜிட்டல் கைது’ மோசடிக்காரர்கள் பிழைப்பதே இதில்தான். வீடியோ அழைப்பில் போலீஸ் சீருடையில் ஒருவன் வருகிறான். உங்கள் ஆதாரில் சிம் வாங்கியிருக்கிறார்கள், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் வங்கிக் கணக்கு எங்கள் கண்காணிப்பில் இருக்கிறது, கேமராவை விட்டு நகராதே என்கிறான். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி மேலாளர், மருத்துவர் என்று படித்தவர்களே மாட்டுகிறார்கள். அரசுக்கு எல்லாம் தெரியும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, எதிர்த்துக் கேட்டால் உள்ளே தள்ளிவிடும் என்று ஏற்கெனவே நம்பும் மனசு அந்த மிரட்டலைக் கேள்வி கேட்பதில்லை. 2024-இல் மட்டும் எல்லா வகை இணைய மோசடியிலும் சேர்த்து இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. முந்தைய ஆண்டு 7,465 கோடி.

டிஜிட்டல் கைது என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பிரதமரே 2024 அக்டோபரில் தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். வீடியோ அழைப்பில் கைது செய்யவோ, விசாரணைக்குப் பணம் கட்டச் சொல்லவோ எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. அரசின் உண்மையான அதிகாரம் எதுவரை என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். ஆகவே அந்த எல்லையைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

ஒட்டுக்கேட்க யாருக்கு உரிமை?

1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. அதன் 5(2) பிரிவு, பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற சூழ்நிலை இருந்தால் மட்டுமே செய்திகளை இடைமறிக்க அனுமதித்தது. நாட்டின் இறையாண்மை, வெளிநாட்டு உறவு, குற்றத் தூண்டலைத் தடுப்பது போன்ற காரணங்களும் கூடவே வேண்டும். 1996-இல், பியுசிஎல் என்ற குடிமை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நடைமுறை வகுத்தது: உள்துறைச் செயலாளர் அளவிலான அதிகாரி எழுத்தில் உத்தரவிட வேண்டும், மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும். உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது என்று பின்னர் விதி வந்தது. இப்போது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன்கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. வடிவம் பெரிதாக மாறவில்லை. கணினித் தகவல்களுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. அதன்படி 2018 டிசம்பர் 20 அன்று பத்து அமைப்புகளுக்கு உள்துறை அமைச்சகம் அதிகாரம் கொடுத்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதித் தீர்ப்பு நிற்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது.

இது டெல்லியில் எழுதிவைத்த தத்துவம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு இதைத் தரைக்குக் கொண்டுவந்தது. ஒரு லஞ்ச வழக்கு விசாரணைக்காக, சென்னையைச் சேர்ந்த கல்வி நிறுவனம் ஒன்றின் மேலாண்மை இயக்குநரின் போனை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை உத்தரவிட்டிருந்தது. பொது அவசரநிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை. குற்றத்தைத் துப்பறிய ரகசியமாகக் கேட்பது இந்தப் பிரிவுக்குள் வராது என்றது நீதிமன்றம். பதிவான உரையாடல்கள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. உத்தரவு ரத்தானது; அதன் மூலம் திரட்டியதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் ஆனது. லஞ்சத்தைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிடிக்க வேண்டும்தான். அதற்குச் சட்டம் வகுத்த வழி ஒன்று இருக்கும்போது அதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் வழக்கைக் கெடுத்தார்கள், நீதிமன்றம் அல்ல.

ஆனால் இந்த மனிதருக்குத் தன் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது தெரிந்தது, வழக்குக் கோப்பில் அது வந்ததால். வழக்கே வராதவர்களுக்கு? சொல்லவே மாட்டார்கள். அப்படிச் சொல்லும் கடமை இந்தியச் சட்டத்தில் இல்லை. மத்திய அரசு மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை போன் இடைமறிப்பு உத்தரவுகள் பிறப்பிப்பதாக 2013-இல் ஒரு தகவல் உரிமை மனுவில் தெரியவந்தது. மறுஆய்வுக் குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளை அது ஆராய வேண்டியிருக்கும், நடக்கிற காரியமா இது என்று தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய அரசு அமைத்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் எழுதியது. உத்தரவிடுபவரும் செயலாளர், மறுஆய்வு செய்பவர்களும் செயலாளர்கள். இந்தச் சங்கிலியில் எங்கும் ஒரு நீதிபதி கிடையாது. நம் கண்காணிப்புச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் முடிவு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

போன்களுக்குள் ரகசியமாக நுழையும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் அந்தச் சங்கிலியாவது இருந்ததா என்றே நமக்குச் சொல்லப்படவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. பெகாசஸைச் செய்த என்எஸ்ஓ நிறுவனம்தான் தவறு செய்தது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வாட்ஸ்அப் வழியாகச் சுமார் 1,400 பேரின் போன்களைக் குறிவைத்ததற்கான வழக்கு அது.

சேர்த்தால் கசியும்

தமிழ்நாடு போலீஸின் முக அடையாளத் தளத்தின் விவரங்கள் 2024 மே மாதத்தில் திருட்டுப் போனதாகச் செய்தி வந்தது; தளத்துக்குள் ஊடுருவல் நடந்ததைப் போலீஸே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் பாட்களில் கிடைத்தன. நிறுவனம் வழக்குத் தொடுத்தது சென்னை உயர் நீதிமன்றத்தில். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் மருத்துவ வரலாற்றையும் எதைக் கொண்டு மாற்றுவது? முக அடையாளத் தொழில்நுட்பத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இன்னும் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் மருந்து என்று சொல்லப்படுவது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒப்புதல் கேட்கும் நோட்டீஸை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்கும் வசதி தர வேண்டும். அதாவது தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை வருகிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். தரவு கசிந்தால் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

இப்போது மற்றொரு பக்கம். அந்த 250 கோடியில் ஒரு ரூபாய்கூட பாதிக்கப்பட்டவருக்கு வராது. அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். மத்திய அரசு அறிவிக்கும் எந்த அரசு அமைப்பையும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்திலிருந்தே விலக்க 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. பொய்யான புகார் கொடுத்தால் புகார்தாரருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எல்லாவற்றையும்விட உறுத்துவது இன்னொன்று. குடிமக்களுக்கான உரிமைகள் அமலுக்கு வர விதிகள் 18 மாத அவகாசம் தருகின்றன. அதாவது 2027 மே. ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவைச் சுருக்கிய திருத்தம் 2025 நவம்பரிலேயே அமலாகிவிட்டது. முன்பு, பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்று ஒரு வரியில் மறுத்துவிடலாம். ஒப்பந்தக்காரர் யார், பட்டியலில் இருக்கும் பயனாளி உண்மையில் இருக்கிறாரா என்று கேட்ட மனுக்கள் இனி அந்த ஒரு வரியில் அடிபடும். நம் உரிமை காத்திருக்கிறது. அவர்கள் மறைக்கும் உரிமைக்கு அவகாசம் தேவைப்படவில்லை. மனு போடுபவர்கள் 8(2) பிரிவை மறக்காமல் குறிப்பிடுங்கள். பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்று அது இன்னும் சொல்கிறது.

இன்று கையில் இருப்பது

2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. பில் போடும் கவுண்டரிலேயே தொடங்கலாம். “போன் நம்பர் சொல்லுங்க சார், இல்லன்னா பில் போட முடியாது” என்பது நம் ஊர் ஜவுளிக்கடை முதல் மருந்துக்கடை வரை வழக்கமாகிவிட்டது. எண் தராவிட்டால் பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் சண்டை போட வேண்டாம். அவருக்கு மேலிடத்து உத்தரவு. மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், ஒத்துவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையக் கடையில் நாம் சேர்க்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, சந்தாவை ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைப்பது போன்ற 13 தந்திரங்களை 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. அவற்றுக்கும் இதே எண்தான்.

கடன் ஆப்களால் நொந்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். போனில் இருக்கும் தொடர்பு எண்களையெல்லாம் உருவி, கடன் வாங்கியவரின் மாமியாருக்கும் மேலதிகாரிக்கும் மார்பிங் படம் அனுப்பும் கும்பல்கள் அவை. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வகுத்த விதிப்படி, கடன் தரும் ஆப் உங்கள் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், படங்கள், கோப்புகள் எதையும் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றைக்கூட கணக்கு தொடங்கும்போது ஒருமுறை மட்டும், உங்கள் சம்மதத்தோடு. தொடர்புப் பட்டியலைக் கேட்கிறதா? அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். விதிப்படி நடக்கும் நிறுவனம் அதைக் கேட்காது. மிரட்டல் தொடங்கிவிட்டால் பணம் கட்டிச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், அடுத்த மிரட்டலுக்கு அதுவே முன்பணம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் 1930. நிமிடக் கணக்கில் அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. பிறகு வங்கிக்கு எழுத்தில் புகார், ஒப்புகை எண்ணோடு. ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, தவறு உங்கள் பக்கமும் இல்லை வங்கிப் பக்கமும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதும் இல்லை. தவறு வங்கியுடையது என்றால் நாள் கணக்கே கிடையாது. ஓடிபியை நீங்களே கொடுத்துவிட்டிருந்தாலும், புகார் கொடுத்த நேரத்துக்குப் பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. “நீங்கதான ஓடிபி குடுத்தீங்க” என்று கிளையில் சொல்லி அனுப்பினால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

ஆதாரில் கைரேகைப் பூட்டு வசதி இருக்கிறது. தேவையில்லாத நேரத்தில் பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் உள்ள சிம்களைச் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சரிபாருங்கள். ஒருவருக்கு ஒன்பது வரைதான், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். விசாரணையில் போலீஸ் போனைக் கைப்பற்றச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு. மகஜர் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதில் போனின் ஐஎம்இஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. வழக்கறிஞரைக் கேட்காமல் எதற்கும் கையெழுத்திட வேண்டாம்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு கதவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டு மனுக்களை அவர் விசாரிக்கலாம். போலி மின்னஞ்சலால் 2007-இல் கணக்கிலிருந்து 6 லட்சத்துக்கு மேல் இழந்த, தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் தமிழ்நாட்டில் இப்படி மனு போட்டார். 2010 ஏப்ரலில், 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி பெரிய தனியார் வங்கி ஒன்றுக்கு உத்தரவானது. அதே சட்டத்தின் 43ஏ பிரிவு, கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு, கைரேகை போன்ற அந்தரங்கத் தகவல்களைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்திடம் பாதிக்கப்பட்டவர் நேரடியாக இழப்பீடு கேட்க வழி செய்கிறது. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை நீக்குகிறது. நீக்கம் அமலாவது 2027 மே மாதத்தில். அலட்சியத்தால் உங்கள் விவரம் கசிந்து இழப்பு நேர்ந்திருந்தால், அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து மனுவைக் கொடுத்துவிடுங்கள்.